படப்பிடிப்பு நாள் ஏன் எப்போதும் போதுவதில்லை?

படம் வெளியான பிறகு இயக்குநர் பேட்டிக்கு உட்கார்ந்தால் "பெரிய சவால் எது?" என்ற கேள்வி தப்பாமல் வந்துவிடும். பதிலாகப் பெரும்பாலும் ஒரு புயலோ, ஆஸ்பத்திரியோ, கடலில் மூழ்கிய இயந்திரமோ வரும். கேட்பவருக்கும் அதுதான் சுவாரசியம். பிரான்சிஸ் ஃபோர்டு கொப்போலா 'அபோகலிப்ஸ் நவ்' படத்துக்காக 1976 மார்ச்சில் பிலிப்பைன்ஸில் இறங்கினார். சில வாரங்களில் கதாநாயகனையே மாற்றினார். மே மாதப் புயலில் அரங்குகள் நாசமாயின. அந்நாட்டு ராணுவத்திடம் வாங்கியிருந்த ஹெலிகாப்டர்கள், உள்நாட்டுக் கிளர்ச்சியாளர்களைத் துரத்த வேண்டும் என்று நடுவில் கிளம்பிப் போயின. புது நாயகன் மார்ட்டின் ஷீனுக்கு 1977 மார்ச்சில் மாரடைப்பு வந்தது. ஒருவழியாக 238 நாளில் படப்பிடிப்பு முடிந்தது.

இதே கதையைத் தொழிலில் இருப்பவர் கேட்டால் கடைசி எண்ணில்தான் நிற்பார். 238 நாளா? எத்தனை நாளுக்குத் திட்டம் போட்டார்கள்? புயல் காலம் தெரிந்த ஊரில் அந்த மாதத்தில் அரங்கு ஏன் நின்றுகொண்டிருந்தது? போருக்குப் போகக்கூடிய ஹெலிகாப்டரை நம்பி ஒரு காட்சியை ஏன் எழுதினார்கள்? இந்தக் கேள்விகளில் கொஞ்சம் இரக்கமின்மை இருக்கிறது, உண்மைதான். ஆனால் தளத்தில் வெடிக்கிற பல பிரச்சினைகளுக்குத் திரி அதற்குப் பல மாதம் முன்பே, ஒரு அறையில், காகிதத்தில் வைக்கப்பட்டிருக்கும். இயக்குநர்கள் "சவால்" என்று சொல்வதைப் புரிந்துகொள்ள அந்தக் காகிதத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

எட்டில் ஒரு பங்கு

திரைக்கதை கைக்கு வந்ததும் முதன்மை உதவி இயக்குநர் அதை பிரேக்டவுன் செய்கிறார், அதாவது காட்சி காட்சியாகப் பிரித்துக் கணக்கிடுகிறார். ஒவ்வொரு பக்கமும் எட்டுப் பங்காகக் கணக்கிடப்படும். ஒரு காட்சி 3/8 பக்கம், இன்னொன்று 2 6/8 பக்கம் என்று குறித்துக்கொண்டே போவார்கள். வழக்கமான வடிவில் எழுதிய திரைக்கதையில் ஒரு பக்கம் திரையில் சுமார் ஒரு நிமிடம். ஆக 110 பக்கத் திரைக்கதையை 30 நாளில் எடுப்பதென்றால் தினமும் மூன்றரைப் பக்கத்துக்கு மேல் முடித்தாக வேண்டும். நிதானமாக எடுக்கும் பெரிய படங்கள் நாளுக்கு ஒன்றிரண்டு பக்கத்தோடு நிறுத்திக்கொள்ளும். கையைக் கடிக்கும் பட்ஜெட்டில் ஐந்து, ஆறு என்று ஓட வேண்டியிருக்கும்.

இந்த எண் ஏமாற்றக்கூடியது. "கூட்டம் பாலத்தை உடைத்துக்கொண்டு மறுகரைக்கு ஓடுகிறது" என்ற வரி 1/8 பக்கம்தான். எடுக்க நான்கு நாள் ஆகலாம். இருவர் திண்ணையில் உட்கார்ந்து பேசும் மூன்று பக்கம் ஒரே மதியத்தில் முடியலாம். அதனால் அனுபவமுள்ளவர்கள் பக்கத்தை எண்ணுவதோடு விடுவதில்லை. தண்ணீர், விலங்கு, குழந்தை, ஓடும் வண்டி, தீ, கூட்டம், இரவு, ஒப்பனையில் உருவாக்கும் காயம் ஆகியவை எங்கெல்லாம் வருகின்றன என்று தனித்தனியாகப் பார்ப்பார்கள். இதில் ஒவ்வொன்றும் நேரத்தைப் பெருக்கும். ஓடும் காருக்குள் இரண்டு நிமிட உரையாடலை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு டேக், அதாவது ஒரு முறை எடுப்பது, முடிந்ததும் கார் திரும்பி வர வேண்டும், போக்குவரத்தை மறுபடி நிறுத்த வேண்டும், கண்ணாடியில் விழும் பிம்பத்தைச் சரிபார்க்க வேண்டும். இரண்டு நிமிட டேக் ஒவ்வொன்றும் பத்துப் பன்னிரண்டு நிமிடத்தை விழுங்கும். அதே உரையாடல் இருட்டுச் சாலையில் நடக்கிறது என்றால் அந்த நாளின் கணக்கு அங்கேயே முடிந்தது.

அடுத்தது வரிசை. கதையின் வரிசையில் படமெடுப்பது அபூர்வமான சலுகை. முதலில் இடம், பிறகு நடிகர்களின் தேதி, பிறகு பகலா இரவா என்று பார்த்துக் காட்சிகளைக் கோர்ப்பார்கள். இதன் விளைவு, அன்று காலைதான் அறிமுகமான இருவர் முதல் நாளே இருபது வருடத் தாம்பத்தியத்தின் கடைசிச் சண்டையை நடிக்கும்படி ஆகும். முதல் நாளுக்கு ஒரு சுலபமான காட்சி வேண்டும் என்று இயக்குநர் பிடிவாதம் பிடிப்பதில் நியாயம் இருக்கிறது. யூனிட் ஒருவரையொருவர் பழகிக்கொள்ள அந்த ஒரு நாள் தேவை. இரவுப் படப்பிடிப்பை வார இறுதிக்குத் தள்ளுவதும் இதே மாதிரியான கணக்கு. விடியற்காலை ஐந்து மணிக்கு பேக்கப் சொன்ன குழுவுக்குப் பத்துப் பன்னிரண்டு மணி நேர ஓய்வு கொடுத்தால் மறுநாள் பகல் கையை விட்டுப் போகிறது. அதை விடுமுறை நாளோடு சேர்த்துவிட்டால் இழப்பு தெரியாது.

வெளிப்புறப் படப்பிடிப்புள்ள ஒவ்வொரு வாரத்துக்கும் பக்கத்திலேயே ஓர் உட்புறக் காட்சியை எடுக்கத் தயாராக வைத்திருப்பார்கள். மழை வந்தால் அங்கே ஓடிவிடலாம். அந்த உட்புறக் காட்சிகளை அவசரப்பட்டு முதல் வாரத்திலேயே தீர்த்துவிடும் படங்கள் உண்டு. பிறகு மழை வந்தால் நூறு பேர் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். பேட்டியில் அந்தப் பழி மழைமேல் விழும்.

ஒரு மேசை, நான்கு பேர்

புயலும் மாரடைப்பும் இல்லாத ஒரு சாதாரண நாளை எடுத்துக்கொள்வோம். மூன்று பக்கக் காட்சி. நான்கு பேர் ஒரு மேசையைச் சுற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். மூத்தவர் வீட்டை விற்கப்போவதாகச் சொல்கிறார், இருவர் எதிர்க்கிறார்கள், கடைசித் தங்கை எதுவும் பேசாமல் கேட்டுக்கொண்டிருக்கிறாள். பார்வையாளருக்கு இதைவிட எளிய காட்சி இருக்க முடியாது. கேமரா பக்கம் நிற்பவர்களுக்கு இதைவிட எரிச்சலானது குறைவு.

நாள் 12 மணி நேரம், அதாவது 720 நிமிடம். சாப்பாட்டு இடைவேளைக்கு 60 போனது. காலையில் ஒத்திகை பார்த்து, யார் எங்கே உட்காருவது என்று முடிவு செய்து, லைட்டிங் முடித்து முதல் ஷாட் வைக்க 90. கடைசியில் சாமான்களைக் கட்ட 30. ஒப்பனை திருத்தம், அறுந்த மைக் ஒயர், வெளியே குரைக்கும் நாய் எல்லாம் சேர்ந்து 40. மிச்சம் 500 நிமிடம். ஒரு கேமரா நிலையை மாற்றி வெளிச்சத்தைச் சரிசெய்ய 25 நிமிடம், நான்கு டேக் எடுக்க 15 நிமிடம் என்று வைத்தால் ஒரு ஷாட்டுக்கு 40. அன்று முழுக்க 12 ஷாட்தான் கிடைக்கும்.

தேவை எவ்வளவு? மேசை முழுவதும் தெரியும் மாஸ்டர் ஒன்று. எதிர்த் திசையிலிருந்து இன்னொன்று. நான்கு பேரில் ஒவ்வொருவரும் மற்ற மூவரைப் பார்த்துப் பேசுவதால் லுக், அதாவது பார்வைத் திசை, மொத்தம் பன்னிரண்டு. கேமராவின் இடப்பக்கம் பார்ப்பதையும் வலப்பக்கம் பார்ப்பதையும் தனித்தனியாக எடுத்தாக வேண்டும் என்றால் ஆளுக்கு இரண்டு வீதம் எட்டு க்ளோஸப். எதிராளியின் தோளைச் சேர்த்து எடுக்கும் சஜஷன் இரண்டு. மேசையில் வைக்கப்படும் சாவிக்கும் பத்திரத்துக்கும் இரண்டு. மொத்தம் 14. கையில் இருப்பது 12.

லுக் தவறுவதுதான் இந்தக் காட்சியின் மிகப் பெரிய பொறி. இரண்டு பேருக்கு நடுவே ஒரு கோடு கற்பனை செய்து, கேமரா அதைத் தாண்டாமல் ஒரே பக்கத்தில் நின்றால் ஒருவர் இடமும் மற்றவர் வலமும் பார்ப்பார்கள்; எதிரெதிரே பேசுவது போலிருக்கும். நான்கு பேர் இருக்கும்போது பேச்சு யாரிடமிருந்து யாருக்குப் போகிறதோ அதற்கேற்ப அந்தக் கோடும் நகர்கிறது. பிற்பகல் நான்கு மணிக்கு, எல்லோரும் களைத்திருக்கும்போது, தங்கை அண்ணனை எந்தப் பக்கம் பார்த்தாள் என்ற விவாதம் தொடங்கும். ஒளிப்பதிவாளர் ஒன்று சொல்வார், ஷாட்டுக்கு ஷாட் தொடர்ச்சியை, அதாவது கண்டினியூட்டி, பார்ப்பவர் இன்னொன்று சொல்வார். பத்து நிமிடம் போய்விடும். சந்தேகம் தீராவிட்டால் இரண்டு லுக்கிலும் எடுத்துவிடுங்கள் என்பார்கள். இன்னொரு பத்து நிமிடம். காலையிலேயே மேசையின் வரைபடத்தில் கேமரா நிலைகளை எண்போட்டுக் குறித்து வைத்தவர்களுக்கு இந்தச் சண்டை வராது.

வெளிச்சமும் ஒரு வரிசையைக் கட்டாயப்படுத்துகிறது. ஜன்னல் பக்கம் பார்க்கும் ஷாட் எல்லாவற்றையும் முதலில் முடித்துவிட்டு, பிறகு ஒரே ஒரு முறை திரும்ப வேண்டும். திரும்பினால் விளக்கு, ஸ்டாண்ட், மானிட்டர், நாற்காலி, ஒயர் எல்லாம் அறையின் மறுபக்கம் போக வேண்டும். ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. இந்த வரிசையில் நடிப்புக்கு இடமில்லை. மூத்தவர் கடைசியில் உடைந்து அழுகிறார் என்றால், அவர் க்ளோஸப் மாலை ஆறு மணிக்குத்தான் வரும். அதற்குள் அவர் மாஸ்டரில் நான்கு முறை, மற்றவர்களின் ஷாட்டுக்காகக் கேமராவுக்குப் பின்னால் நின்று இருபது முறை அழுதிருப்பார். கண்ணீர் வற்றிவிடும். இது தெரிந்த இயக்குநர்கள் விளக்குக்காரர்களின் முணுமுணுப்பைப் பொருட்படுத்தாமல் அந்த க்ளோஸப்பை முன்னுக்கு இழுப்பார்கள், அல்லது மாஸ்டரில் அரைக் குரலில் நடிக்கச் சொல்வார்கள். ஒளிப்பதிவு முக்கியமா நடிப்பு முக்கியமா என்று மேடையில் பேசப்படுவதெல்லாம் நிஜத்தில் இப்படி ஒரு மணி நேரத்தைக் குறித்த பேரமாகத்தான் நடக்கிறது.

சாப்பாட்டையும் மறக்கக்கூடாது. 14 ஷாட், நான்கு டேக் என்றால் அதே கவளம் 56 முறை எடுக்கப்பட வேண்டும். எந்தச் சொல்லில் டம்ளரைத் தூக்கினார், தண்ணீர் எந்த மட்டத்தில் இருந்தது, இடது கையா வலது கையா என்று குறிப்பெடுக்க ஒருவர் வேண்டும். பழகிய நடிகர்கள் தட்டைக் கிளறுவார்களே தவிர வாயில் வைப்பது குறைவு. புதியவர்கள் முதல் டேக்கில் இயல்பாக இருக்கட்டும் என்று நன்றாகச் சாப்பிட்டுவிட்டு, மாலைவரை அதைத் திரும்பச் செய்ய முடியாமல் தவிப்பார்கள்.

மாலை ஏழு மணிக்குப் பட்டியலில் இரண்டு ஷாட் மிச்சம் இருக்கும். சாவி, பத்திரம் இரண்டையும் வேறொரு நாள் யார் கையை வைத்தும் எடுத்துக்கொள்ளலாம், ஆகவே அவை தள்ளிப்போகும். ஆனால் லுக் விவாதத்தில் போன இருபது நிமிடத்துக்கு இன்னொரு பலி வேண்டும். தங்கை பேசவே இல்லையே, அவள் க்ளோஸப் எதற்கு என்று யாராவது சொல்வார்கள். அந்த நேரத்தில் அது அறிவாளித்தனமாகத் தோன்றும்.

வெயில்

வெளியே போனால் கடிகாரம் வானத்துக்கு மாறுகிறது. பூமி மணிக்கு 15 பாகை சுழல்கிறது. காலை ஒன்பதுக்கு முகத்தில் பக்கவாட்டில் விழுந்த வெயில் நண்பகலில் தலைக்கு மேல் வந்து கண்குழியைக் கறுப்பாக்கும். மூன்று மணிக்கு மறு கன்னத்துக்குப் போய்விடும். இரண்டு நிமிடக் காட்சியை ஆறு மணி நேரமாக எடுத்தால் ஒட்டும்போது நிழல் காட்டிக்கொடுக்கும்.

இதற்குத் தொழிலில் ஒரு எளிய வழி உண்டு: வெயில் நன்றாக இருக்கும்போது அகலமான ஷாட்களை முடித்துவிடுவது. அகல ஷாட்டில் வானமும் தரையும் தெரிவதால் எதையும் மறைக்க முடியாது. க்ளோஸப்பில் தெரிவது ஒரு முகமும் அதன் பின்னால் இரண்டடி இடமும்தான். தலைக்கு மேல் ஸ்கிம்மர் கட்டி வெயிலை மெல்லியதாக்கலாம், தெர்மகோலால் முகத்தில் வெளிச்சம் திருப்பலாம், விளக்கை வைத்துக் காலை ஒன்பது மணியை மாலை நாலுக்குக் கொண்டுவரலாம். இந்த வரிசையை மாற்றி, நல்ல வெளிச்சத்தை க்ளோஸப்பில் செலவழித்துவிட்டு மாலையில் மலைத்தொடரைத் தேடிப் போவது அறிமுக இயக்குநர்களிடம் அடிக்கடி காணும் தவறு.

சூரியன் மறைந்தபின் இருட்டு வருவதற்குள் கிடைக்கும் மென்மையான வெளிச்சத்துக்கு ஆசைப்படாத இயக்குநர் இல்லை. டெரன்ஸ் மாலிக்கின் 'டேஸ் ஆஃப் ஹெவன்' படத்தின் கணிசமான பகுதி 1976-இல் கனடாவின் ஆல்பர்ட்டாவில் அந்த வெளிச்சத்தில் எடுக்கப்பட்டது. ஒளிப்பதிவாளர் நெஸ்டர் அல்மென்ட்ரோஸுக்கு ஆஸ்கர் கிடைத்தது. ஆனால் அந்த வெளிச்சம் நாளுக்கு இருபது இருபத்தைந்து நிமிடம்தான் நிற்கும். மேலே சொன்ன கணக்கில் அது ஒரு ஷாட்டுக்கே போதாது. பகல் முழுக்க ஒத்திகை பார்த்து, கேமராவைப் பூட்டி வைத்து, லென்ஸை மாற்றாமல், அந்த இருபது நிமிடத்தில் மூன்று நான்கு டேக் ஓட்ட வேண்டும். சரியாக வராவிட்டால் மறுநாள் அதே நேரத்துக்குத் திரும்ப வர வேண்டும். இயற்கை வெளிச்சத்தையே நம்பி எடுத்த 'தி ரெவனன்ட்' குழுவுக்குக் கனடாவில் பனி உருகிப்போக, கடைசிப் பகுதிக்காக அர்ஜென்டினாவின் தென்முனைக்குப் பறக்க வேண்டியதாயிற்று.

சாம் மெண்டஸின் '1917' இதை வேறுவிதமாகச் சமாளித்தது. முழுப் படமும் ஒரே ஓட்டம் போலத் தெரிய வேண்டும் என்பதால் வெயிலும் மேகமும் மாறி மாறி வந்தால் ஒட்டு தெரிந்துவிடும். மேகமூட்டத்தில் மட்டும் எடுப்பது என்று முடிவு செய்தார்கள். வெயில் அடித்தால் ஒத்திகை, மேகம் வந்தால் டேக். இன்னொன்று இதைவிடக் கவனிக்க வேண்டியது. பதுங்குகுழிகளை வெட்டுவதற்கு முன்பே நடிகர்களை வெறும் மைதானத்தில் வசனம் பேசியபடி நடக்கவிட்டு, வசனம் முடியும் இடத்தில் அடையாளம் வைத்தார்கள். அதற்குப் பிறகுதான் தோண்டினார்கள். குழி பத்தடி நீளமாகவோ குறைவாகவோ இருந்திருந்தால் நடிகர் வசனத்தை இழுக்க வேண்டும், அல்லது ஓடவேண்டும். கத்தரிக்க வழியில்லாத படத்தில் இந்தத் தப்பைச் சரிசெய்ய இடமே கிடையாது.

மழையைப் பற்றி ஒரு வரி. இயல்பாகப் பெய்யும் மழை கேமராவில் பெரும்பாலும் தெரியவே தெரியாது. பின்னாலிருந்து விளக்கடித்தால்தான் துளி மின்னும். அதனால்தான் கொட்டும் மழையில் படப்பிடிப்பை நிறுத்திவிட்டு, மறுநாள் குழாய் வைத்து மழை பெய்யவைக்கிறார்கள். பார்ப்பவர்களுக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும்.

நன்னீரில் சோதித்த சுறா

ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கின் 'ஜாஸ்' 55 நாளில் முடிய வேண்டிய படம். 159 நாள் ஆனது. 1974-இல் மார்த்தாஸ் வைன்யார்ட் தீவை ஒட்டிய நிஜக் கடலில் எடுத்தார்கள். இயந்திரச் சுறாவை நன்னீரில் சோதித்திருந்தார்கள். உப்புநீர் உள்ளே புகுந்ததும் அது ஒத்துழைக்கவில்லை. சுறா வேலை செய்யாததால் அதைக் காட்டாமலே பயமுறுத்தக் கற்றுக்கொண்டார் என்ற கதை எல்லோருக்கும் தெரியும். மிதக்கும் பீப்பாய்கள் சுறாவுக்குப் பதிலாக நடித்தன. அதைவிடக் குறைவாகப் பேசப்படுவது கடலே தின்ற நேரம். படகில் கேமரா, படகில் நடிகர்கள், படகில் மின்சாரம். மூன்றும் அலையில் தனித்தனியாக நகரும். நங்கூரம் போட்டுச் சரிசெய்வதற்குள் தொடுவானத்தில் யாரோ ஒருவரின் பாய்மரப் படகு வந்து நிற்கும். கதைப்படி அங்கே உதவிக்கு ஆளே இல்லை, ஆகவே அது போகும்வரை காத்திருக்க வேண்டும். அது போவதற்குள் நங்கூரம் இழுத்துவிடும். தொட்டியில் எடுத்திருந்தால் இந்தத் தொல்லை எதுவும் இருந்திருக்காது, தொடுவானமும் இருந்திருக்காது. நிஜக் கடலைத் தேர்ந்ததை நான் தவறென்று சொல்லமாட்டேன். சுறாவை நன்னீரில் சோதித்ததைச் சொல்வேன்.

இடைவெளியும் ஒரு ஆபத்து. சத்யஜித் ராய் 'பதேர் பாஞ்சாலி'யின் முதல் நாள் படப்பிடிப்பை 1952 அக்டோபரில் நாணல் பூத்த வயலில் நடத்தினார். அப்போது அவர் விளம்பர நிறுவன வேலையில் இருந்ததால் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் ஓய்வு. காட்சி பாதியில் நிற்க, அடுத்த வாரம் போனால் பூக்களை மாடுகள் மேய்ந்துவிட்டிருந்தன. மறுபடி பூக்க ஒரு வருடம் காத்திருந்தார். பணத்துக்காகப் படமே பலமுறை நின்று 1955-இல்தான் வெளிவந்தது. இத்தனை காலத்தில் சிறுவனின் குரல் உடையாததும், அக்காவாக நடித்த சிறுமி வளர்ந்துவிடாததும், முதிய அத்தையாக நடித்தவர் இறந்துவிடாததும் அதிசயம் என்று ராய் பின்னாளில் சொன்னார். அதிர்ஷ்டத்தின்மேல் நின்ற கண்டினியூட்டி அது. ரிச்சர்ட் லிங்க்லேட்டர் இதையே தலைகீழாக்கி 'பாய்ஹுட்' படத்தை 2002-லிருந்து 12 வருடம், ஆண்டுக்குச் சில நாளாக எடுத்தார். சிறுவன் வளர்வதுதான் அங்கே கதை, ஆகவே இடைவெளி எதிரியாக இல்லை.

நடிகர் நடுவில் விலகினால் என்ன ஆகும் என்பதற்கு வெர்னர் ஹெர்ட்சாகின் 'ஃபிட்ஸ்கரால்டோ' போதும். சுமார் 40 சதவீதம் எடுத்த பிறகு நாயகன் ஜேசன் ரொபார்ட்ஸ் நோயால் விலகினார். நாயகன் எல்லா ஃபிரேமிலும் இருப்பவர் என்பதால் எடுத்ததில் எதுவும் மிஞ்சவில்லை. கிளாஸ் கின்ஸ்கியை வைத்து முதலிலிருந்து தொடங்கினார்.

ஒலியை இயக்குநர்கள் பேட்டியில் சொல்வதே இல்லை, ஆனால் தளத்திலேயே வசனத்தைப் பதிவு செய்யும் சிங்க் சவுண்ட் படத்தில் அது தினசரித் தலைவலி. வீட்டுக்குள் எடுக்கும்போது ஃபிரிட்ஜை அணைக்க வேண்டும். அணைத்ததை மறந்துவிட்டால் வீட்டுக்காரரின் சாமான் கெட்டுப்போகும். அதனால் அணைத்தவர் தன் வண்டிச் சாவியை ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிடுவார். சாவி இல்லாமல் வீட்டுக்குப் போக முடியாதே. காட்சி முடிந்ததும் எல்லோரையும் அசையாமல் நிற்கச் சொல்லி அறையின் வெறும் ஒலியை அரை நிமிடம் பதிவு செய்வார்கள். வசனங்களுக்கு நடுவே ஒட்டுப்போட அது வேண்டும். பேக்கப் அவசரத்தில் இதைத் தவறவிட்டால், பின்னால் ஒவ்வொரு வெட்டிலும் அறை மாறுவது போலக் கேட்கும்.

குழந்தைகளுக்கு நேர வரம்பு உண்டு. கலிஃபோர்னியா விதிப்படி ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தை தளத்தில் இரண்டு மணி நேரமே இருக்கலாம், அதில் வேலை 20 நிமிடம்தான். இரட்டைக் குழந்தைகளை ஏன் தேடுகிறார்கள் என்பது இப்போது புரியும்.

வெட்டே இல்லாவிட்டால்

இத்தனை ஷாட் கணக்கும் வேண்டாம், ஒரே ஷாட்டில் எடுத்துவிடலாமே என்ற ஆசை அவ்வப்போது எழும். அலெக்சாண்டர் சொகுரோவ் 2001 டிசம்பர் 23 அன்று செயின்ட் பீட்டர்ஸ்பர்கின் ஹெர்மிடேஜ் அருங்காட்சியகத்தில் 'ரஷ்யன் ஆர்க்' படத்தைச் சுமார் 90 நிமிடம் நீளும் ஒரே ஷாட்டாக எடுத்தார். அவ்வளவு நீளத்தைத் தாங்க ஃபிலிமும் டேப்பும் உதவாது என்பதால் ஹார்ட் டிஸ்கில் பதிவு செய்தார்கள். குளிர்காலப் பகலில் வெளிச்சம் நான்கு மணி நேரம்தான். மூன்று முயற்சிகள் பிழையால் நின்றன. நான்காவது முயற்சி, பேட்டரி தீரும் தறுவாயில், கடைசிவரை ஓடியது. செபாஸ்டியன் ஷிப்பரின் 'விக்டோரியா' பெர்லின் தெருக்களில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஒரே ஓட்டம். மூன்று முறை முழுதாக எடுத்து மூன்றாவதை வைத்துக்கொண்டார்.

இதில் நேரம் மிச்சமாகவில்லை, இடம் மாறியது. படப்பிடிப்பில் வாரக்கணக்கில் செலவாவது ஒத்திகையில் செலவாகிறது. கூடவே, சுமாரான நடிப்புள்ள ஒரு நிமிடத்தை எடிட்டிங்கில் தூக்கிவிடும் வசதியும் போய்விடுகிறது.

எடிட்டிங் மேசையில்

'அபோகலிப்ஸ் நவ்' படத்துக்காக ஓடிய ஃபிலிம் சுமார் 12.5 லட்சம் அடி, அதாவது 230 மணி நேரத்துக்கு மேல். திரைக்கு வந்த ஒவ்வொரு நிமிடத்துக்கும் 95 நிமிடம் வெளியே நின்றது. ஜார்ஜ் மில்லரின் 'மேட் மேக்ஸ்: ஃப்யூரி ரோடு' இன்னும் மேலே போய் சுமார் 480 மணி நேரம். எடிட்டர் மார்கரெட் சிக்செல் அதை இரண்டு மணி நேரமாக்கினார். எடுத்ததை ஒருமுறை உட்கார்ந்து பார்க்கவே, நாளுக்கு எட்டு மணி நேரம் என்றாலும், இரண்டு மாதம் ஆகும்.

எடுத்ததையெல்லாம் கோர்த்துப் பார்க்கும் முதல் ரஃப் கட் பெரும்பாலும் மூன்று மணி நேரத்தைத் தொடும், இயக்குநரின் முகம் வாடிவிடும். திரைக்கதையில் ஒரு பக்கம் ஒரு நிமிடம் என்ற கணக்கு சராசரிதான். நல்ல நடிகர் ஒரு வரிக்கு முன் மூன்று விநாடி நிற்பார், அது பக்கத்தில் இல்லை. மேலும் திரைக்கதையில் இரண்டு முறை சொன்ன தகவல், முகத்தில் ஒரு முறை தெரிந்தாலே போதும் என்று இங்கேதான் தெரியவரும். அதனால் வெட்டப்படுவது அநேகமாக அதிகச் சிரமப்பட்டு எடுத்த காட்சியாக இருக்கும். கிரேன் வைத்து மூன்று நாள் போராடியவருக்கு அந்தக் காட்சியின் மதிப்பு அந்த மூன்று நாள். எடிட்டர் தளத்துக்குப் போகாதவர் என்றால் அவருக்கு அது நாற்பது விநாடி. எடிட்டர் தளத்துக்கு வரக்கூடாது என்று சிலர் பிடிவாதமாக இருப்பதற்கு இதுவே காரணம், அதில் நியாயமும் இருக்கிறது.

தற்காலிக இசை இன்னொரு கண்ணி. ரஃப் கட்டைப் பார்க்கச் சகிக்காமல் வேறெங்கிருந்தோ ஓர் இசைத்துண்டைப் போடுவார்கள். மூன்று மாதம் அதோடு பார்த்துப் பழகிய இயக்குநருக்கு, இசையமைப்பாளர் புதிதாகத் தருவது எதுவும் பிடிக்காமல் போகும்.

மேசைக் காட்சியும் ஒருநாள் இங்கே வந்து சேரும். மூத்தவர் உடைந்து அழும் க்ளோஸப் நன்றாக வந்திருக்கிறது. ஆனால் அதற்கு முன் உள்ள வசனம் நீளம், நடுவில் இரண்டு வரியைத் தூக்க வேண்டும். தூக்கினால் அவர் தலை ஒரே நொடியில் துள்ளும். அதை மறைக்க வேறு முகம் ஒன்றுக்குப் போய்வர வேண்டும். எதிர்த்துப் பேசும் இருவரின் முகத்துக்குப் போனால் அவர்கள் அடுத்து என்ன சொல்லப்போகிறார்கள் என்று கவனம் திரும்பிவிடும். பேசாமல் கேட்டுக்கொண்டிருக்கும் ஆள்தான் வேண்டும். எடிட்டர் தங்கையின் க்ளோஸப்பைத் தேடுகிறார். இல்லை. விட்டுப்போனதைப் பிறகு எடுக்கும் பேட்ச் ஒர்க் செய்யலாம் என்றால் அந்த வீடு இப்போது வேறு வாடகைக்காரர் கையில், நடிகை தலைமுடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டு வேறு படத்தில்.

அவர் மற்ற ஷாட்களின் தலையையும் வாலையும் உருட்டத் தொடங்குவார். கிளாப் அடிப்பதற்கு முன் ஓடிய விநாடிகள், கட் சொன்ன பிறகும் கேமரா நிற்காத விநாடிகள். ஒரு சஜஷன் ஷாட்டில், கிளாப் பலகை விலகிய பிறகு, "ஆக்‌ஷன்" வருவதற்கு முன், தங்கையாக நடித்தவர் யாரோ ஏதோ சொல்வதற்காகத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நாலே விநாடி. லுக் இடப்பக்கம், சரியாக இருக்கிறது. அண்ணனின் தோள் ஃபிரேமின் ஓரத்தில் தெரிகிறது, அதைக் கொஞ்சம் பெரிதாக்கி வெளியே தள்ளிவிடலாம். கையிலிருந்த டம்ளரில் தண்ணீர் மட்டம் மட்டும் ஒத்துவரவில்லை. பெரிதாக்கும்போது டம்ளரும் வெளியே போய்விடுகிறது.